பேரு சேத்தாச்சு, பங்கு எங்கே?

சாதி கடல் தாண்டாது என்று நம்ம ஐயர்மார்கள் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பூணூல் போட்ட ஐயரைச் சொல்லவில்லை. தமிழ்ச் சபைகளில் போதகரையும் ஐயர் என்றுதானே கூப்பிடுகிறோம், அந்த ஐயர்களைச் சொல்கிறேன். வெளிநாட்டுக்குக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து பிரசங்க மேடையில் சாட்சி சொல்கிறார்கள்: அங்கெல்லாம் சாதியே கெடையாது, வெள்ளைக்காரனோட ஒரே கிண்ணத்துல திராட்சரசம் குடிச்சேன் என்று. சந்தோஷம். ஊருக்கு வந்த பிறகு எத்தனை சேரி வீட்டில் ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடித்தீர்கள் ஐயரே? கடல் தாண்டிப் போய்க் குடிக்கிற வாய்க்கு வாய்க்கால் தாண்டி வர மட்டும் ஏன் வழி தெரியமாட்டேங்குது?

நான் பறத்தெருக்காரி. ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. அங்கே ஒரு புராட்டஸ்டண்டு சபையில் முறைப்படி அங்கத்தினர். இந்த 'முறைப்படி' என்கிற சொல்லுக்குப் பின்னால் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று போட்டு உடைக்கத்தான் எழுதுகிறேன். படிக்கவும் வேலைக்கும் வெளிநாடு போகிற நம் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். போன இடத்தில் சபையில் பேர் எழுதியதுமே விடுதலை கிடைத்துவிட்டதாக வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்கிறார்கள். அவர்கள் காதிலும் இது விழ வேண்டும்.

ஜெர்மனியில் சபையில் சேர்வதற்கு முதலில் போக வேண்டிய இடம் நகராட்சி அலுவலகம். வீடு பிடித்ததும் முகவரியைப் பதிய வேண்டும். அந்தப் பாரத்தில் மதம் என்று ஒரு கட்டம். கத்தோலிக்கம் என்றோ, எவாங்கெலிஷ், அதாவது புராட்டஸ்டண்டு, என்றோ எழுதினால் அந்தத் தகவல் சபைக்கும் போகிறது, வரி அலுவலகத்துக்கும் போகிறது. சம்பளத்தில் வருமான வரி பிடிக்கும்போதே சபை வரியையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறார்கள். பவேரியா, பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலங்களில் வருமான வரியில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். நான் இருக்கிற மாநிலத்தில் 9. மாதம் 400 யூரோ வருமான வரி கட்டுகிறவளுக்கு 36 யூரோ சபை வரி. 1919-இல் வைமார் அரசியல் சட்டம் சபைகளுக்குக் கொடுத்த உரிமை இது. 1949-இல் வந்த அடிப்படைச் சட்டம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. வேண்டாம் என்றால் கோர்ட்டிலோ பதிவு அலுவலகத்திலோ போய் விலகல் எழுதிக் கொடுக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போனார்கள். அவர்கள் வெளியே போகிற வாசலில்தான் நாங்கள் உள்ளே போய்க்கொண்டிருக்கிறோம்.

நம்ம ஊர்ச் சபையில் அதுக்குப் பேரு சந்தா. பாக்கி வைத்தால் கலியாணத்துக்கு ஓலை வாசிக்க மாட்டார்கள், சாவுக்கு மணி அடிக்க மாட்டார்கள். அங்கே அரசாங்கமே சந்தா வசூல் பண்ணிக் கொடுக்கிறது. இதில் ஒரு விசயத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அங்கத்தினர் ஆவதற்கு என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: ஞானஸ்நானம் எடுத்திருக்கிறாயா, எந்த நாளில், எந்தச் சபையில். சான்றைக் காட்டினேன். முடிந்தது. எந்தத் தெரு என்று கேட்கவில்லை. எங்கப்பன் பேரைக் கேட்டு அதிலிருந்து மோப்பம் பிடிக்கவில்லை. சபைக் குழுத் தேர்தலில் ஓட்டுப் போட எனக்கு உரிமை உண்டு, நிற்கவும் உரிமை உண்டு. எங்க ஊரில் மூணு தலைமுறையாகச் சந்தா கட்டிய குடும்பத்துக்குக் கிடைக்காதது, அங்கே ஒரே ஒரு காகிதத்தில் கிடைத்துவிட்டது.

இதே காகிதத்தைக் கொண்டுபோய் இந்தியாவில் தாசில்தார் மேசையில் வைத்துப் பாருங்கள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவனையும் முஸ்லிமையும் வெளியே நிறுத்தினார்கள். எழும்பூரில் ரோட்டோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்கிற தொழிலாளிக்கு, கிறிஸ்தவன் என்பதால் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை கிடைக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு அந்தக் கொடுமை தொடருகிறது என்று நிரூபிக்கவில்லை என்று சொல்லி 1985-இல் தள்ளுபடி செய்தார்கள். சாக்கடை ஓரம் உட்கார்ந்து செருப்புத் தைக்கிறவன் நிரூபிக்க வேண்டுமாம்! 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன், பட்டியலிலிருந்து மதத்தைக் கழற்றிவிடுங்கள் என்று பரிந்துரை செய்தது. அதைத் தூக்கிக் கிடப்பில் போட்டுவிட்டு, 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷன் போட்டார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பில், அவருக்கு எதிரான சாட்சியங்களில் ஒன்றாக நின்றது ஞானஸ்நானப் பதிவு.

தமிழ்நாட்டில் எங்களைப் பிற்பட்டோர் பட்டியலில் தள்ளிவிட்டார்கள். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான். அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றைக் கேட்டுவிட்டா அடிக்கிறான்? போலீஸ் ஸ்டேஷனில் மட்டும் அதைக் கேட்கிறார்கள். அதனால்தான் நம்ம தெருக்களில் ஒரே பிள்ளைக்கு ரெண்டு பேரு. பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் ஒண்ணு, கோயில் ரிஜிஸ்டரில் ஒண்ணு. இதைப் பித்தலாட்டம் என்கிறவர்கள், ஒரு மனுஷனை ரெண்டாகப் பிளந்து வைத்தது யார் என்று சொல்லிவிட்டுப் பேசட்டும்.

சரி, மூன்றாவது இடத்துக்கு வருவோம். அந்தச் சான்றைக் கொடுத்த சபை. எந்தச் சபை, எந்த ஊர் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் மற்ற சபைக்காரர்கள் எல்லாம் தங்களுக்கு அதில் சம்பந்தமில்லை என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கப்பா நாற்பது வருஷம் அந்தக் கோயிலுக்கு மணி அடித்தவர். விடியக்காலம் அஞ்சு மணிக்கு அவர் அடித்த மணியில்தான் சாதிக் கிறிஸ்தவன் கண் முழிச்சான். அவர் செத்தபோது கல்லறைத் தோட்டத்தில் சுவருக்கு அந்தப் பக்கம், முள்ளு வெட்டிப் போடுகிற மேட்டில்தான் குழி வெட்ட விட்டார்கள். இந்தப் பக்கம் இடமில்லை என்றார் கமிட்டிச் செயலாளர். போன மாதம் கூட இந்தப் பக்கம் ஒரு குழி வெட்டினீர்களே என்று என் தம்பி கேட்டான். அது அவங்க குடும்ப இடம் என்றார். எங்களுக்குக் குடும்பம் இல்லையாக்கும். அதே செயலாளர்தான் நான் வெளிநாடு போகும்போது, சபையின் நல்ல அங்கத்தினர், சந்தா பாக்கி இல்லை என்று சபை மாற்றுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்.

ஒரே ஞானஸ்நானம். ஜெர்மனியில் அது என்னை அங்கத்தினர் ஆக்குகிறது. தாசில்தார் ஆபீசில் நான் பறச்சி இல்லை என்கிறது. ஊர்க் கல்லறையில் நான் பறச்சி மட்டும்தான் என்கிறது. இந்த மூன்று பதிவேடுகளும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வதில்லை. பார்த்துக்கொள்ளாமல் இருப்பதால்தான் மூவருக்கும் பிழைப்பு நடக்கிறது. நான் சொல்ல வந்ததே இதுதான்: சாதியைக் கேட்காமல் சேர்த்துக்கொள்கிற சபை, சாதியை வைத்துப் புதைக்கிற சபை கொடுத்த கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டுதான் என்னைச் சேர்த்துக்கொள்கிறது. அந்தக் கடிதத்தை நம்புகிறவன் அந்தச் சுவருக்கும் பங்காளி.

பாவம், ஜெர்மன்காரனுக்குச் சாதியைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் வக்காலத்து வாங்குவார்கள். தெரியும் தோழர்களே, நமக்கு முன்னாலேயே தெரியும். 1706-இல் சீகன்பால்குவும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். 1718-இல் கட்டி முடித்த புதிய எருசலேம் கோயிலில் சூத்திரக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், பறையர் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம் என்று தள்ளித் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள். 1733-இல் ஆரோன் என்கிற வெள்ளாளருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அதே காலத்தில் தஞ்சாவூர்ப் படையில் சேவகம் பார்த்த ராஜநாயக்கன் என்கிற பறையர், கத்தோலிக்கத்திலிருந்து லூத்தரன் சபைக்கு வந்து, உபதேசியாராக ஊர் ஊராய் அலைந்து சபைகளை உண்டாக்கினார். அடிபட்டார், மிதிபட்டார். அவருக்குக் குருப்பட்டம் இல்லை. பறையன் கையால் மற்ற சாதிக்காரன் நற்கருணை வாங்க மாட்டான் என்பதே காரணம். சாகும்வரை உபதேசியார்தான். இந்தியக் கிறிஸ்தவத்தின் பழைய புராட்டஸ்டண்டு பதிவேட்டில் நம்ம ஆள் பேரும் இருக்கிறது, பட்டம் மட்டும் இல்லை. இதையெல்லாம் அந்தப் பாதிரிகள் ஹாலே நகரத்துக்குக் கடிதம் கடிதமாக எழுதினார்கள். அந்தக் காகிதங்கள் இன்றைக்கும் ஹாலே பிராங்கே நிறுவன ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

1833-இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே, முழுசாக விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். பின்னால் அவர்களில் பலரை லைப்சிக் மிஷன் வாங்கய்யா என்று சேர்த்துக்கொண்டது. அந்த மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை பயணம் வந்து பார்த்துவிட்டு, சாதி என்பது சமூக வழக்கம், அதைக் கட்டாயப்படுத்தி விடச் சொல்லக்கூடாது என்று வாதாடினார். 1850-இல் சென்னையில் புராட்டஸ்டண்டு மிஷனரிகள் கூடிச் சாதிக்கு எதிராகத் தீர்மானம் போட்டபோது லைப்சிக்காரர்கள் மட்டும் ஒதுங்கிக்கொண்டார்கள். கிரவுல் சாதாரண ஆளில்லை, திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்த தமிழறிஞர். பிறப்பைப் பற்றி வள்ளுவர் சொன்னதும் அவர் கண்ணில் பட்டிருக்கத்தான் வேணும். ஆக, பாரத்தில் சாதிக்கு ஒரு கட்டம் இல்லாதது அறியாமை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். தெரிந்த கடனை மறந்துபோனவனுடைய பாரம் அது.

இனி அங்கே இருக்கிற தமிழர்களைப் பற்றி. ஜெர்மன் கோயில் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தமிழ் ஆராதனை நடக்கிறது. 1980-களில் யுத்தத்துக்குத் தப்பி வந்த ஈழத்துக் குடும்பங்களும், பின்னால் வேலைக்கு வந்த தமிழ்நாட்டுக் குடும்பங்களும் கூடுகிறார்கள். ஜெர்மன் பாரம் கேட்காததை இங்கே கேட்பார்கள். ஈழத்து அக்கா, "பிள்ளை, நீங்கள் ஊரில எவடம்?" என்பார். நம்ம ஊர் அண்ணன், "எந்தச் சேகரம்மா? ரோட்டுக்கு மேல்பக்கமா, கீழ்பக்கமா?" என்பார். காலனி என்று சொல்கிற வரைக்கும் விடமாட்டார்கள். சொன்ன பிறகு யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. அடுத்த ஞாயிறு ஜெபம் வேறு யார் வீட்டிலோ, எனக்கு மட்டும் தகவல் வரவில்லை. அவ்வளவுதான். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒண்ணு என்று பாடிவிட்டு, பிள்ளைக்கு வரன் தேடும்போது கிறிஸ்தவ வெள்ளாளர், ஆர்.சி. உடையார் என்று அளந்து கேட்கிறார்கள். விமானத்தில் ஒரு ஆளுக்கு இத்தனை கிலோதான் என்று கணக்கு இருக்கிறதே, சாதியை எந்தப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள் என்று தெரியவில்லை.

இதையெல்லாம் நான் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. என் வரியில் ஓடுகிற சபை அது. அதன் குழுக் கூட்டத்துக்குப் போனேன். அந்தச் சபைக்குத் தமிழ்நாட்டில் ஒரு சேகரத்தோடு தோழமை உறவு. கோயில் கூரைக்குப் பணம் அனுப்பத் தீர்மானம் வந்தது. ரெண்டே ரெண்டு கேள்வி கேட்டேன். அந்தச் சேகரத்தில் கல்லறைத் தோட்டம் எத்தனை? இதுவரை காலனிக்காரர் யாராவது சேகரச் செயலாளராக இருந்திருக்கிறார்களா? பதில் வந்த பிறகு பணம் அனுப்புங்கள் என்றேன். மண்டபம் அமைதியாகிவிட்டது. போதகர் அம்மாள் நல்ல மனுஷி, நான் காய்ச்சலில் கிடந்தபோது சூப் கொண்டுவந்து கொடுத்தவர். அவர் சொன்னார்: அது உங்கள் பண்பாடு சம்பந்தப்பட்டது, ஐரோப்பியர்களாகிய நாங்கள் மறுபடியும் எசமான் மாதிரிப் புத்தி சொல்லக்கூடாது. பணத்தை அனுப்பிவிட்டார்கள்.

இந்தப் பணிவைப் பற்றி ஒரு வார்த்தை. யாரிடம் பணிகிறீர்கள்? கூரைக்குப் பணம் கேட்டு எழுதியவன் சாதிக் கிறிஸ்தவன். பண்பாடு என்று அவன் சொன்னதைத்தான் எங்கள் பண்பாடு என்று எடுத்துக்கொள்கிறீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கிடக்கிறவர்களுக்கும் ஒரு பண்பாடு உண்டு. மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த பரட்டை தியாபிலஸ் அப்பாவு, ஒரே உலையில் பொங்கி எல்லாரும் பகிர்ந்து தின்பதுதான் நற்கருணை என்று கிராமத்துச் சனங்களோடு ஆடிப்பாடிச் சொன்னாரே, அதை ஏன் தமிழ்ப் பண்பாடு என்று உங்களிடம் யாரும் எழுதவில்லை? 2009-இல் பாங்காக்கில் உலகத் திருச்சபைகள் மன்றமும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் தலித்துகளுக்கு நீதி வேண்டும் என்று மாநாடே நடத்தின. 2003-இல் தமிழ்நாட்டு ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். மேலே மாநாடு, கீழே கூரை. நடுவில் இருக்கிற சுவரை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

தமிழ்ச் சபை மூப்பர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வந்த எடத்துல ஏம்மா நாத்தத்தக் கெளர்றே, நம்ம மானம் போவுதுல்ல" என்றார். நாற்றம் கிளறுவதால் வருவதில்லை அண்ணாச்சி, பொணம் உள்ளே கிடப்பதால் வருகிறது. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகளைச் சாதிக் கத்தோலிக்கர்கள் தாக்கி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 உயிர் போனதே, அப்போது போகாத மானமா ஜெர்மன் மண்டபத்தில் நான் கேட்ட ரெண்டு கேள்வியில் போய்விட்டது?

நம்ம தோழர்களும் கேட்கிறார்கள்: இவ்வளவு தெரிந்தும் சபையில் ஏன் இருக்கிறாய், விலகல் எழுதிக் கொடுத்துவிட்டு வா, வரியும் மிச்சம். அயோத்திதாசர் பௌத்தத்துக்குப் போனார், 1956-இல் நாக்பூரில் அண்ணல் போனார், நீயும் போ. இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். போகிறவர்கள் போகட்டும், அதுவும் கலகம்தான். ஆனால் கல் சுமந்தவர்கள் நாங்கள், சுண்ணாம்பு இடித்தவர்கள் நாங்கள், மணி அடித்தவர் எங்கப்பா. கட்டின வீட்டை விட்டுக் கட்டினவன் வெளியே போக வேண்டும், குந்தித் தின்றவன் உள்ளே இருக்க வேண்டும் என்றால் அது என்ன நியாயம்? அதோடு அங்கே எனக்கு ஒரு ஓட்டு இருக்கிறது. தமிழ்நாட்டில் சேகரக் கமிட்டி வாசலைக் கூட மிதிக்க விடாதவனுக்குப் பணம் அனுப்புகிற கையில் என் ஓட்டும் இருக்கிறது. அதைத் தூக்கி எறிவதால் லாபம் அவனுக்குத்தான்.

ஆகவே வெளிநாட்டுச் சபைகளிடம் பிச்சை கேட்காமல், வரி கட்டுகிற அங்கத்தினர்களாக நாம் கேட்க வேண்டியது மூன்று. ஒன்று: தமிழ்நாட்டுச் சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வந்தால், அந்தச் சபையில் கல்லறை ஒன்றா இரண்டா என்று பதில் எழுதிக் கேள். இரண்டு: தோழமைப் பணம் போகிற ஒவ்வொரு சேகரத்திலும் தலித்துகள் கமிட்டியில் இருக்கிறார்களா, பீடத்தில் ஏறுகிறார்களா என்று காலனியில் போய் நின்று விசாரி, செயலாளர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விசாரிக்காதே. மூன்று: உன் மண்டபத்தை வாடகைக்கு எடுக்கிற தமிழ்ச் சபைகள் உட்பட எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரி, சாதி பார்ப்பது பாவம், குற்றம் என்று உன் அங்கத்தினர் விதியில் எழுது. 2023-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட்டது. ஒரு நகர மன்றத்துக்குப் புரிந்தது திருச்சபைக்குப் புரியாதா?

வெளிநாடு போகிற பிள்ளைகளே, சபையில் பேர் எழுதுங்கள், எழுதாமல் போங்கள், அது உங்கள் இஷ்டம். எழுதினால் மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்காராதீர்கள். சாதி கேட்காமல் சேர்த்துக்கொண்டார்களே என்று நன்றியில் நெஞ்சு நனைய வேண்டாம். அது அவர்கள் போடுகிற தர்மம் இல்லை, 300 வருஷத்துப் பாக்கி. ராஜநாயக்கனிலிருந்து கணக்கு எடுத்து, கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று கேளுங்கள். நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் மொழியிலேயே, அவர்கள் பதிவேட்டிலேயே, அந்தச் சுவரின் நீளம் எத்தனை அடி என்று எழுத வையுங்கள்.